விசைப்படகு உரிமம்: வாசகர் கேள்வி – பதில்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. வலை பின்னுவதும், மரக்கலம் பழுது பார்ப்பதும், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதும் நடக்கும் இந்த நாள்களில்தான் மீன்வளத் துறையின் ஆண்டு ஆய்வும் நடைபெறுகிறது. அதனால் படகுப் பதிவு, உரிமம் பற்றி வரும் கடிதங்களும் இக்காலத்தில் பெருகிவிடுகின்றன. இந்த இதழின் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஒருவரிடமிருந்து பழைய விசைப்படகு ஒன்றை விலை பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டேன். பதிவுச் சான்றும் உரிமமும் அவர் பெயரிலேயே நடப்பில் இருக்கின்றன. நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் போதும், உடனே தொழிலுக்குப் போகலாம் என்கிறார். அப்படிச் செய்யலாமா? – தங்கச்சிமடம் வாசகர்

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பணத்தைப் பெயர் மாற்றம் முடியும் நாளில் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

படகின் பதிவும் மீன்பிடி உரிமமும் ஒன்றுதான் என்ற எண்ணம் துறைமுகங்களில் பரவலாக இருக்கிறது. உண்மையில் அவை இரண்டு தனித்தனிச் சட்டங்களின் கீழ் வருபவை. பதிவு என்பது நடுவணரசின் வணிகக் கப்பல் சட்டத்தைச் சேர்ந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மீன்பிடிப் படகுகளுக்கென்றே ஒரு தனிப் பகுதி இருந்தது. 2025-இல் அதற்கு மாற்றாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இந்தப் படகு இன்னாருக்குச் சொந்தம், இத்தனை மீட்டர் நீளம், இன்ன இயந்திரம் பொருத்தியது, இன்ன ஊரைத் தளமாகக் கொண்டது என்பதை அடையாளப்படுத்துவது பதிவு. உரிமம் என்பது 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மாநில அரசு தருவது. அந்தப் படகைக் கொண்டு, குறிப்பிட்ட முறையில், குறிப்பிட்ட கடற்பரப்பில் மீன் பிடிக்கலாம் என்பதற்கான அனுமதி. பதிவு இருந்து உரிமம் இல்லாத படகு மீன் பிடிக்கக் கூடாது. உரிமம் வேண்டுமென்றால் முதலில் பதிவு வேண்டும். இரண்டுக்கும் நீங்கள் போய் நிற்கும் அலுவலகம் பெரும்பாலும் மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகமாகவே இருப்பதால் குழப்பம் இயல்பானதே.

படகின் இருபுறமும் எழுதியிருக்கும் எண்ணை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஐ.என்.டி., டி.என்., 10, எம்.எம். என்று தொடங்கி எண்ணில் முடியும். முதல் எழுத்துகள் இந்தியாவையும் அடுத்தவை தமிழ்நாட்டையும் குறிக்கும். 10 என்பது ராமேசுவரம். நாகப்பட்டினம் என்றால் 06, புதுக்கோட்டை என்றால் 08. எம்.எம். என்பது விசைப்படகு, எம்.ஓ. என்பது இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு. இந்த எண், பதிவுச் சான்றில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பிறகு இயந்திரத்தின் அருகே இறங்கி, அதன் தகட்டில் பொறித்திருக்கும் எண்ணைச் சான்றில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். நமக்கு வரும் புகார்களில் அதிகமானவை இங்கேதான் தொடங்குகின்றன. பழைய இயந்திரம் பழுதானதும் வேறொன்றை வாங்கிப் பொருத்திவிட்டு, அதைச் சான்றில் பதிய வைக்காமலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். விற்கும்போது அந்தச் சிக்கல் வாங்குபவர் தலையில் விழுகிறது. படகின் மீது வங்கிக் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன், மானியத் திட்ட நிபந்தனை, நிலுவையில் உள்ள அபராதம் ஆகியவை இருக்கின்றனவா என்பதையும் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.

பத்திரத்தில் எழுதிக் கொடுப்பது உங்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தமே தவிர, பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்றாது. பெயர் மாறாத படகுக்கு விற்பனை வரி விலக்குடன் கிடைக்கும் டீசல் உங்கள் பெயரில் வராது. விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், இயந்திர நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர் என்ற இந்தச் சலுகையை இழந்து தொழில் செய்வது எவ்வளவு கடினம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் பதிவுச் சான்றில் உள்ள பெயரைத்தான்.

உங்கள் ஊரைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. படகு எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றால், தொழிலாளர்கள் விடுதலையான பிறகும் படகு மீதான வழக்கு அங்குள்ள நீதிமன்றத்தில் தனியாக நடக்கும். உரிமையாளர் ஆவணங்களோடு அங்கு நேரில் நின்றால்தான் படகைக் கேட்க முடியும். பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லையென்றால் விற்றவர்தான் போக வேண்டும். பணம் கைக்கு வந்தபின் அவர் உங்களுக்காக யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ புறப்படுவார் என்று நம்பி லட்சக்கணக்கில் முதலீடு செய்யாதீர்கள். தமிழ்நாட்டு உரிமத்துக்குச் சர்வதேச எல்லைக்கோட்டுக்கு அப்பால் எந்த மதிப்பும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இலங்கை 2017-இல் கடலடி இழுவை மீன்பிடிப்பையே தன் சட்டத்தால் தடை செய்துவிட்டது; 2018-இல் அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் பன்மடங்கு உயர்த்தியது.

கேள்வி: இரும்பு அடிப்பாகம் கொண்ட புதிய விசைப்படகு கட்டலாம் என்றிருக்கிறோம். நீளம் 25 மீட்டர், இயந்திரம் 350 குதிரைத்திறன் என்று கட்டுமானத் தளத்தில் சொல்கிறார்கள். இந்த அளவில் ஏற்கெனவே படகுகள் ஓடுகின்றன என்றும், கட்டி முடித்தபின் உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் கூறுகிறார்கள். சரிதானா? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: இரண்டு அளவுகளுமே சரியல்ல, வரிசையும் சரியல்ல. 2020-இல் திருத்தப்பட்ட தமிழ்நாட்டு விதிகளின்படி விசைப்படகின் மொத்த நீளம் 24 மீட்டரையும் இயந்திரத்தின் திறன் 240 குதிரைத்திறனையும் தாண்டக் கூடாது. படகைக் கட்டத் தொடங்குவதற்கு முன்பே மீன்வளத் துறையிடம் முன் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக் கடிதம் இல்லாமல் கட்டி முடித்த படகை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு கேட்டால், அலுவலகம் மறுப்பதற்கு அதுவே போதுமான காரணம். கட்டுமானத் தளக்காரர் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அடுத்த படகுக்கு அடிக்கட்டை வைத்துவிடுவார். பதிவில்லாத படகோடு நிற்கப் போவது நீங்கள்தான்.

இயந்திரத் திறனுக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்டு நாகையிலிருந்தே வேறு இரண்டு கடிதங்களும் வந்திருந்தன. இழுவை மடியை, அதாவது கடலடியை ஒட்டி இழுக்கும் பை போன்ற வலையை, கட்டி இழுக்கும் படகுக்கு வேகத்தைவிட இழுவிசைதான் முக்கியம். திறன் கூடக் கூட மடியின் வாய் அகலும், இரும்பும் பலகையும் கனக்கும், தரையைச் சுரண்டும் பரப்பும் அதே நேரத்துக்குள் பல மடங்காகும். ஒரே துறைமுகத்தில் 120 குதிரைத்திறன் படகும் 400 குதிரைத்திறன் படகும் அருகருகே தொழில் செய்தால், முன்னதன் வலையில் மீன் குறைவதற்குப் பின்னதன் வலையே காரணமாகிவிடும். அதைச் சமாளிக்க அவரும் கடன் வாங்கிப் பெரிய இயந்திரம் பொருத்துவார். கடலில் இருக்கும் மீனின் அளவு இதனால் கூடப் போவதில்லை. ஒவ்வொருவர் எரிக்கும் டீசல் மட்டும்தான் கூடும். அதிகத்திறன் கொண்ட, பெரும்பாலும் சீனாவில் தயாரான இயந்திரங்கள் வந்தபின் பல துறைமுகங்களில் நடந்தது இதுவே.

விதியை மீறிய படகுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று உங்கள் தளக்காரர் சொல்வது உண்மைதான். அதை மறுக்க முடியாது. ஆண்டு ஆய்வின்போது அளவு நாடாவைப் பிடித்து நீளத்தை அளக்கும் அதே குழு, இயந்திர அறைக்குள் இறங்கித் தகட்டைப் பார்ப்பதில் எல்லா ஊரிலும் ஒரே கண்டிப்பைக் காட்டுவதில்லை. ஆனால் ஊருக்கு ஊர் கண்டிப்பு மாறுவதை நம்பி ஒரு கோடி ரூபாய் அளவிலான முதலீட்டைச் செய்வது வணிக அறிவாகாது. மீன்வளத் துறை தனியாக அமலாக்கப் பிரிவு அமைத்தபின் நிலைமை மெல்ல மாறி வருகிறது. ஒரு நாள் பிடிபட்டால் இயந்திரத்தைக் கழற்றச் சொல்லும் உத்தரவோடு உரிமமும் நிறுத்தப்படலாம்.

நீங்கள் பாக் நீரிணைப் பகுதி மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதால் ஒரு செய்தி: இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுக்கு மாற விரும்புவோருக்காக 2017-இல் ஒரு திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய் மதிப்பிலான படகுக்கு நடுவணரசு 50 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் மானியமாகத் தர, 20 விழுக்காடு வங்கிக் கடன், 10 விழுக்காடு உரிமையாளர் பங்கு என்பது அதன் கணக்கு. பழைய இழுவைப் படகை விற்கக் கூடாது, உடைக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. திட்டம் தன் இலக்கான 2,000 படகுகளின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒரே நாளில் போய்த் திரும்பிப் பழகிய தொழிலாளர்களிடம், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடுங்கள் என்று சொன்னால் படகு மட்டும் மாறினால் போதாது. இதுபோன்ற மானியங்கள் இப்போது எந்தத் திட்டத்தின் கீழ் நடப்பில் இருக்கின்றன என்பதை உங்கள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு படகின் அளவை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் நாட்டுப்படகில் நண்டு வலையும் செவுள் வலையும் விடுபவர்கள். விசைப்படகுகள் கரைக்கு மிக அருகில் வந்து மடி இழுத்து எங்கள் வலைகளை அறுத்துச் செல்கின்றன. அவர்களுக்கு உரிமம் இருக்கிறதாம். கேட்டால் அதைக் காட்டுகிறார்கள். உரிமம் இருந்தால் எங்கு வேண்டுமானாலும் இழுக்கலாமா? – கோட்டைப்பட்டினம் வாசகர்

பதில்: இழுக்கக் கூடாது. கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் வரையிலான கடல் நாட்டுப்படகுகளுக்கு உரியது என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த நாளிலிருந்தே இருக்கும் அடிப்படை விதி. அந்தச் சட்டம் பிறந்ததே விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் இடையே கடலிலும் கரையிலும் நடந்த மோதல்களைத் தணிப்பதற்காகத்தான். விசைப்படகின் உரிமம் மூன்று கடல் மைலுக்கு அப்பால் தொழில் செய்யும் நிபந்தனையோடுதான் தரப்படுகிறது. நிபந்தனையை மீறிய இடத்தில் அந்த உரிமத்தைக் காட்டுவது பயனற்றது.

இடத்துக்கு இருப்பதுபோல நேரத்துக்கும் நாளுக்கும் கட்டுப்பாடு உண்டு. விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் பிறகு புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. தங்குகடல், அதாவது பல நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்வது, கேட்கும் ஊர்களில், குறிப்பாகத் தூத்துக்குடியில், இது நீண்ட காலமாகப் பூசலுக்குரியதாகவே இருந்து வருகிறது. உங்கள் பகுதியான பாக் நீரிணையில் வாரத்தின் ஏழு நாள்களில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கும் மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கும் என்ற பகிர்வும் நடைமுறையில் உள்ளது. விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டை, நீங்கள் சொல்லும் டோக்கனை, வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் டோக்கன் கொடுப்பது நிறுத்தப்படும். உரிமம் நடப்பில் இருந்தாலும் அன்றைக்கு டோக்கன் இல்லாமல் சென்றிருந்தால் அதுவும் தனிக் குற்றமே.

புகார் கொடுக்கும்போது "ஒரு விசைப்படகு" என்று எழுதாதீர்கள். பதிவு எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களாவது, பார்த்த நேரம், உங்கள் கைப்பேசி அல்லது ஜி.பி.எஸ். கருவி காட்டிய இடம், அறுந்த வலையின் படம் ஆகியவற்றைச் சேர்த்து, மீன்வளத் துறை ஆய்வாளருக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்குங்கள். எண்ணைத் துணியால் மறைத்தோ கிரீஸ் பூசியோ வரும் படகு என்றால் அதையும் குறிப்பிடுங்கள்; பதிவு எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே உரிம நிபந்தனைகளில் ஒன்று. துறை அதிகாரி விசாரணை நடத்தி அபராதம் விதிக்கலாம், பிடித்த மீனைப் பறிமுதல் செய்யலாம், உரிமத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ செய்யலாம். அந்த உத்தரவை எதிர்த்துப் படகுக்காரர் மேல்முறையீடு செய்ய முடியும் என்பதால், உங்கள் ஆதாரம் எழுத்தில் இருப்பது அவசியமாகிறது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் முறையாகாது. பாக் நீரிணை குறுகலான கடல். மூன்று கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு விட்டுவிட்டு, 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோட்டுக்கு முன்பாக நின்றுவிட வேண்டும் என்றால், ராமேசுவரத்திலிருந்தும் அதன் அண்டை ஊர்களிலிருந்தும் புறப்படும் நூற்றுக்கணக்கான இழுவைப் படகுகளுக்கு இடையில் மிஞ்சும் தண்ணீர் மிகவும் கொஞ்சம். அந்தக் கொஞ்ச இடத்தின் அளவைக் கணக்கில் எடுக்காமல் முந்தைய பத்தாண்டுகளில் உரிமங்களை வாரி வழங்கியதன் விளைவைத்தான் இரு தரப்பும் இன்று அனுபவிக்கின்றன. உங்கள் வலை அறுந்ததற்கு இது சமாதானம் ஆகாது. ஆனால் கடலில் ஒரு படகை மடக்குவதால் மட்டும் தீராத சிக்கல் இது.

கேள்வி: சுருக்குமடி வலைக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்துவிட்டது என்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் படகைப் பிடிக்கிறார்கள். எது உண்மை? – கடலூர் மாவட்ட வாசகர்

பதில்: இரண்டும் உண்மை. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிவாயைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 24 அன்று பிறப்பித்தது இடைக்கால உத்தரவு. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள்களில் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, முறையாகப் பதிவு பெற்று, கண்காணிப்புக் கருவி பொருத்திய படகுகளுக்கு மட்டும் அது அனுமதி தந்தது.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 கடல் மைல் என்பது சுமார் 22 கிலோமீட்டர். மணிக்கு எட்டுக் கடல் மைல் வேகத்தில் போகும் படகுக்கு எல்லையைத் தொடவே ஒன்றரை மணி நேரம் ஆகும்; திரும்பவும் அவ்வளவு ஆகும். மீன் கூட்டத்தைத் தேடி, வளைத்து, மடியைச் சுருக்கி, அள்ளி ஏற்ற எஞ்சுவது ஏழு மணி நேரம். சுருக்குமடிக்காரர்கள் தேடும் மத்தி, அயிலை போன்ற கூட்ட மீன்கள் பெரும்பாலும் கரையை ஒட்டியே வருவதால், 12 கடல் மைலைத் தாண்டும் பொறுமை பலருக்கு இருப்பதில்லை. உங்கள் ஊரில் பிடிபடும் படகுகள் 12 கடல் மைலுக்குள் மடி விட்டவையா, வேறு நாளில் சென்றவையா என்று கேட்டுப் பாருங்கள். மாநிலக் கடல் எல்லையான அந்த 12 கடல் மைலுக்குள் தடை அப்படியேதான் நீடிக்கிறது.

இதோடு சேர்த்துக் கேட்டிருந்த, இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்கு எங்குமே அனுமதி கிடையாது. இரட்டைமடியையும், மீன்களைக் கவர எல்.இ.டி. விளக்கு பயன்படுத்துவதையும் 2017 நவம்பரில் நடுவணரசு 12 கடல் மைலுக்கு அப்பாலும் தடை செய்துவிட்டது.

கேள்வி: எங்கள் படகு தமிழ்நாட்டில் பதிவானது. ஆனால் கொச்சியைத் தளமாக வைத்து, பல நாள் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கிறோம். புதிதாக ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும் என்கிறார்களே, அது என்ன? எந்தத் தடைக்காலத்தைப் பின்பற்ற வேண்டும்? – தூத்தூர் வாசகர்

பதில்: அரசியலமைப்பின்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரையிலான தனிப் பொருளாதார மண்டலம் நடுவணரசின் பொறுப்பு. இவ்வளவு காலமும் அந்த வெளிப்பகுதியில் நம் நாட்டுப் படகுகளுக்கெனத் தெளிவான அனுமதி முறை இல்லாமலே இருந்தது. 2025 நவம்பரில் நடுவணரசு வெளியிட்ட விதிகள்தான் நீங்கள் கேள்விப்பட்டவை. அவற்றின்படி, தனிப் பொருளாதார மண்டலத்தில் தொழில் செய்யும் விசைப்படகுகளும் பெரிய படகுகளும் நுழைவு அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். படகுப் பதிவு நடக்கும் ரியல்கிராஃப்ட் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. இயந்திரம் பொருத்திய அல்லது பொருத்தாத சிறு படகில் தொழில் செய்யும் பாரம்பரிய மீனவர்களுக்கு இந்தச் சீட்டுத் தேவையில்லை.

உங்கள் படகுக்குத் தேவை. படகில் இருப்பிடம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியும், தொழிலாளர்களிடம் க்யூ.ஆர். குறியீடு கொண்ட ஆதார் அல்லது மீனவர் அடையாள அட்டையும் இருக்க வேண்டும். இதில் உங்களுக்கு ஆதாயமும் உண்டு. சூரையை ஏற்றுமதி செய்பவர் ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பும்போது, எந்தப் படகு பிடித்தது, அதன் பதிவும் உரிமமும் நடப்பில் இருந்தனவா என்பதற்கான பிடிப்புச் சான்றைக் காட்டியாக வேண்டும். ஆவணம் முழுமையாக உள்ள படகின் மீனுக்கு வணிகர் தரும் விலையில் நீங்கள் பேரம் பேச முடியும். ஆவணம் இல்லாத மீனுக்கு அவர் சொன்னதுதான் விலை.

தடைக்காலம் படகின் பதிவு எந்த மாநிலம் என்பதைப் பார்ப்பதில்லை; நீங்கள் எந்தக் கரையோரக் கடலில் தொழில் செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. திருவள்ளூர் தொடங்கிக் கன்னியாகுமரி நகரம் வரை கிழக்குக் கரை. அங்கிருந்து நீரோடி வரை மேற்குக் கரை. மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரள அரசு தன் எல்லைக்குள் இழுவைப் படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் தடை விதிக்கிறது. கிழக்கே தடை முடியும் வரை மேற்கே போய், மேற்கே தடை வந்ததும் கிழக்கே திரும்பிவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுவதுண்டு. ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் இரு தடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதாலும், வெளிமாநிலப் படகு கேரளத் துறைமுகத்தைத் தளமாகப் பயன்படுத்த அந்த மாநிலத்தின் அனுமதியும் கட்டணமும் தனியாக வேண்டும் என்பதாலும் இந்தக் கணக்கு தாளில் இருப்பதுபோல் கடலில் நடப்பதில்லை. கொச்சியில் அந்த அனுமதியைப் பெறும்போது தமிழ்நாட்டுப் பதிவைக் கைவிடாமல் இருங்கள். ஒரே படகுக்கு இரண்டு மாநிலப் பதிவு வைத்திருப்பது குற்றம். மீனவர் நிவாரணம், டீசல் சலுகை எல்லாமே பதிவு உள்ள மாநிலத்தைச் சார்ந்தவை.

கேள்வி: என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. படகு அவர் பெயரில் இருக்கிறது. என் கொழுந்தனார் ஓட்டி வருகிறார். பெண் பெயரில் உரிமம் கொடுப்பார்களா? – குளச்சல் வாசகி

பதில்: கொடுப்பார்கள் அம்மா, சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. படகு உரிமையாளர் கடலுக்குப் போக வேண்டும் என்ற விதியும் கிடையாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று பெற்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதத்தோடு பதிவை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு உரிமத்தை மாற்றக் கேளுங்கள். இறந்தவர் பெயரிலுள்ள உரிமத்தைக் கொண்டு படகை ஓட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். இந்த இடைக்காலத்தில் விபத்து நேர்ந்தால் படகுக் காப்பீடு மறுக்கப்பட வாய்ப்புண்டு. உங்கள் கொழுந்தனாருக்கும் மற்ற தொழிலாளர்களுக்கும் பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழ் உள்ள குழு விபத்துக் காப்பீட்டில் பெயர் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் தரும் அந்தக் காப்பீடு படகைச் சார்ந்ததல்ல, ஆளைச் சார்ந்தது.

கேள்வி: மடியில் தானாக வந்து விழுந்த கடல் அட்டையை விற்றால் படகு உரிமத்துக்குப் பாதிப்பு வருமா? – மண்டபம் வாசகர்

பதில்: வரும். உரிமம் மட்டுமல்ல, படகே போகலாம். கடல் அட்டை 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். அந்த வழக்கை நடத்துவது மீன்வளத் துறை அல்ல, வனத்துறை. மீன்பிடி உரிமம் அங்கே எந்த வகையிலும் காப்பாற்றாது. கடற்குதிரைக்கும் இதே நிலைதான். உயிரோடு வந்தால் உடனே கடலில் விட்டுவிடுங்கள். தானாக விழுந்தது என்ற விளக்கம் மடி கரைக்கு வராதவரைதான் செல்லும். வெட்டி, வேகவைத்து, காயப்போட்ட அட்டையை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் எந்த நீதிமன்றமும் ஏற்காது.